மட்டக்குதிரைக்கு முதல் கடிவாளம்: மூன்று வகை பிட்டும் ஒரு தலைவாரும்

பழகாத மட்டக்குதிரைக்குப் பிட், அதாவது கடிவாளத்தில் வாய்க்குள் போகும் கம்பி, வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: நடுவில் சாவி போன்ற மூன்று சிறு உலோகத்துண்டுகள் தொங்கும் பழைய பாணி பயிற்சி பிட், ரப்பர் போர்த்திய நேர்கம்பி பிட், நடுவில் சிறு உருண்டை வைத்த இரட்டை மூட்டு பிட். மூன்றாவதை வாங்குங்கள். மற்ற இரண்டும் கெட்டவையல்ல, இந்த வேலைக்கு வாகானவையல்ல.

சாவி பிட்டின் நோக்கம், குதிரை நாக்கால் சாவிகளை உருட்டி எச்சில் ஊறி வாயைத் தளர்த்த வேண்டும் என்பது. எச்சில் ஊறுவது உண்மைதான். ஆனால் ஓயாமல் மெல்லும் பழக்கமும் சேர்ந்தே வரும். சில குதிரைகள் சாவியைத் துரத்தித் துரத்தி நாக்கைக் கம்பிக்கு மேலே போட்டுவிடும், அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு.

ரப்பர் பார்க்கத்தான் மெத்தை. மட்டக்குதிரையின் வாயில் நாக்கே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், மேலண்ணமும் தாழ்வு. தடித்த ரப்பரை அதற்குள் திணித்தால் வாயை மூடவே முடியாது. எச்சில் ஊறாத வாயில் ரப்பர் ஒட்டி உரசவும் செய்யும். கடைவாயில் மென்று கிழித்துவிட்டால் அன்றே தூக்கி எறிய வேண்டியதுதான்.

இரட்டை மூட்டு பிட் நாக்கின் வளைவோடு படிகிறது. ஒற்றை மூட்டு பிட்டைப் போல நடுவில் கூராக மடங்குவதில்லை. தடிமன் 12 முதல் 14 மி.மீ. போதும். நடுத்துண்டு உருண்டையாகவோ முட்டை வடிவிலோ வழவழப்பாக இருக்கட்டும். தட்டையான தகடு சாய்வாகப் பதித்த வகையும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், அது விளிம்பால் நாக்கை அழுத்தும். கையில் வாங்கி விரலை ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். எஃகு போதுமானது. செம்பு கலந்ததோ துருவேறும் இரும்போ எச்சிலை இன்னும் தூண்டும்.

அளவைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு நூலை வாய்க்குள் விட்டு இரு உதட்டோரங்களிலும் முடிச்சுப் போட்டு அளக்கலாம். பக்க வளையங்கள் துளைக்குள் தளர்வாகச் சுழலும் தளர்வளைய பிட் என்றால் அந்த அளவோடு மொத்தம் 5, 6 மி.மீ. கூட்டுங்கள், வளையம் நகராத வகைக்கு அதைவிடக் குறைவு. அகலம் கூடினால் மூட்டு ஒரு பக்கம் சரியும், குறைந்தால் உதட்டைக் கிள்ளும்.

பணத்தைக் கொடுக்குமுன் பல்லைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முன்கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் முளைக்கும் ஓநாய்ப்பல்லில் பிட் இடித்தால் எந்த வகையும் தோற்கும். இரண்டரை வயது முதல் நான்கரை வயது வரை பால்பற்கள் விழுந்துகொண்டிருக்கும். ஈறு புண்ணாக இருக்கும் நாட்களில் பிட் போடவே வேண்டாம்.

இனி தலைவார், அதாவது பிட்டைத் தாங்கித் தலையில் மாட்டும் வார்த்தொகுப்பு. பிட்டைவிட இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கன்னவார்களின் கீழ்முனையில் பிட்டைச் சுலபமாகக் கழற்றி மாட்ட கொக்கியோ பக்கிளோ இருந்தே ஆக வேண்டும், தைத்தது உதவாது. மட்டக்குதிரைக்கு நெற்றி அகலம். தொகுப்போடு வரும் நெற்றிவார் குட்டையாக இருந்தால் தலைவாரைக் காதின் அடிக்கு இழுத்து உரசும், குதிரை தலையை உதறும், பழி பிட்டின் மேல் விழும். நெற்றிவாரை மட்டும் ஓர் அளவு பெரியதாக மாற்றித் தரும் கடையே நல்ல கடை. தாடைவாருக்குள் நான்கு விரல் நுழைய வேண்டும். மூக்குவார் இப்போதைக்குத் தேவையில்லை, லகானும் தேவையில்லை.

முதல் சில நாள் பிட் இல்லாமல் தலைவாரை மட்டும் போட்டுக் கழற்றுங்கள். பிறகு, பிட்டை வலப்பக்கக் கன்னவாரில் மட்டும் மாட்டித் தொங்கவிட்டுத் தலைவாரைப் போடுங்கள். பிட்டைக் கையில் வைத்துச் சூடாக்கி, கொஞ்சம் தேன் தடவி, தாடைக்கு அடியில் இடப்பக்கம் கொண்டுவாருங்கள். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளியில் கட்டைவிரலை வைத்தால் வாய் திறக்கும், பிட்டை உள்ளே விட்டு இடப்பக்கக் கன்னவாரில் மாட்டுங்கள். பிட் வாயில் இருக்கும்போது தலைவாரைக் காதுக்கு மேல் இழுக்கும் வேலையே இல்லை. உதட்டோரத்தில் ஒன்றிரண்டு சுருக்கம் விழும் உயரம் சரி. தாழ்ந்தால் நாக்கு மேலேறும், உயர்ந்தால் உதடு எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும்.

முதல் தடவை ஐந்து நிமிடம், நாளடைவில் இருபது நிமிடம் வரை போகலாம். பிட்டோடு தனியே விடாதீர்கள், பிட்டில் கயிறு போட்டுக் கட்டவும் கூடாது. கழற்றும்போது குதிரை தானாக வாயைத் திறந்து விடும்வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் பிட் முன்பற்களில் மோதும், தலைக்குக் கை கொண்டுபோனாலே விலகும் குதிரைகள் பல உருவாவது இப்படித்தான்.

தளர்வளைய பிட்டுக்கு ஒரு குறை: வளையம் நுழையும் துளை தேய்ந்து விளிம்பு கூராகும். வாரம் ஒரு முறை அங்கே நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் மாற்றிவிடுங்கள்.