ஒரு குரூப் கோப்பி மெஷின்: திருகோணமலையில் நெற் கபே போடப்போகிறவர் வாங்கலாமா?

இன்டர்நெட்டும் கோப்பியும் பனிஸும் ஒரே கூரைக்குள் என்று திட்டம் போடுகிறவர்களின் பட்டியலில் முதலாவதாக நிற்பது பெரும்பாலும் ஒரு குரூப் எஸ்பிரெஸோ மெஷின்தான், அதாவது கோப்பி இறங்கும் தலை (குரூப்) ஒன்று மட்டும் உள்ள மெஷின். மேசையில் வைத்ததும் கடைக்கு ஒரு களை வந்துவிடும். 2,700 முதல் 3,000 வாட், தூள் போட்டுப் பூட்டும் 58 மில்லிமீற்றர் கைபிடி, பின்னால் இரண்டரை மூன்று லீற்றர் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் ஒரு நீராவிக் குழாய். இந்த வகையைப் பற்றித்தான் இங்கே பேச்சு. வாங்கலாம். ஆனால் "கபே செற்" என்று இதோடு சேர்த்துக் காட்டப்படும் மின்சார அவணை வாங்கவேண்டாம்.

காரணம் மெயின் போர்டில் இருக்கிறது. கடைக்கு வந்திருப்பது ஒற்றைப் பேஸ் 30 ஆம்பியர் லைன் என்றால் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மெஷின் 3,000 வாட். 230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர். 18,000 பி.ரி.யு ஏசி ஏழு. ரோல்ஸ் வைக்கிற சூட்டுப் பெட்டி மூன்றரை. கொம்பியூட்டர் நாலுக்கும் இரண்டு. பிரிட்ஜ், லைற், ஃபான் சேர்த்து இன்னும் இரண்டு. 27, 28இல் வந்து நிற்கிறது. போட்டோகொப்பி மெஷின் சூடேறும் அந்தச் சில செக்கன்களை லைன் ஒருமாதிரித் தாங்கிக்கொள்ளும். நாலு தட்டு கன்வெக்ஷன் அவண் ஒன்று 2,600 வாட், அதாவது 11 ஆம்பியர். அதையும் போட்டால் கணக்கு 40ஐ நெருங்கும். கடை திறந்த முதல் கிழமையிலேயே மெயின் பிரேக்கர் விழுந்து, ஒன்லைன் விண்ணப்பம் பாதி நிரப்பிக்கொண்டிருந்த பிள்ளை முழித்துக்கொண்டிருக்கும். அவண் இல்லாமல் முடியாது என்றால் மின்சாரக் கந்தோரில் மூன்று பேஸ் இணைப்புக்கு முதலே விண்ணப்பியுங்கள், அல்லது காஸ் அவணுக்குப் போங்கள்.

மெஷினை 13 ஆம்பியர் பிளக்கில் செருகினால் போதும் என்று விற்கிறவர் சொல்வார். குளிர்ந்து கிடக்கும் மெஷின் சூடேற 25 நிமிடம் எடுக்கும். அதில் எலிமென்ட் ஓடும் நேரமெல்லாம் அந்தப் பிளக் தன் உச்ச அளவில் நிற்கிறது. முள் கொஞ்சம் லூசாக இருந்தால் போதும், பிளாஸ்டிக் பழுப்பேறி உருகத் தொடங்கும். போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீற்றர் கம்பியில் தனி லைன், 20 ஆம்பியர் பிரேக்கர், தனி சுவிச். இதைச் சுவர் பூச முதல் செய்விப்பது நல்லது.

இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. கரண்ட் நிலத்துக்குக் கசிந்தால் விழும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிச் ஒன்றையே முழுக் கடைக்கும் போடுவது இங்கே வழக்கம். மாரி மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் மூடிக் கிடந்த சூட்டுப் பெட்டியின் எலிமென்ட் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். காலையில் போட்டதும் கசிவு, கடை முழுக்க இருட்டு. மெஷினில் பழுது என்று மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். பழுது ஒன்றும் இருக்காது. குசினிப் பக்கத்துக்கு ஒன்று, கொம்பியூட்டர் பக்கத்துக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டால் ஒன்று விழுந்தாலும் மற்றது ஓடும். யூ.பி.எஸ்ஸில் லேசர் பிரின்டரைச் செருகாதீர்கள். ரூட்டரும் பைபர் பெட்டியும் சேர்ந்து 25 வாட் அளவுதான். அவற்றுக்குத் தனியாக ஒரு சின்ன யூ.பி.எஸ் வைத்தால், கரண்ட் போனாலும் சொந்த மடிக்கணினியோடு வந்தவர் எழும்பிப் போகமாட்டார்.

அடுத்தது தண்ணீர். மெஷினைக் கொல்வது கரண்ட் அல்ல, இதுதான். குழாய்த் தண்ணீர் ஒரு மாதிரி, உப்புவெளி நிலாவெளிப் பக்கக் கிணற்றுத் தண்ணீர் இன்னொரு மாதிரி. கடலோரக் கிணற்றில் சுண்ணாம்போடு உப்பும் இருக்கும். சுண்ணாம்பு பொயிலருக்குள் படையாகப் பிடித்துச் சூட்டைத் தடுக்கும்; அதை மருந்து விட்டுக் கழுவலாம். உப்பு உலோகத்தைத் தின்னும். அதற்கு மருந்து இல்லை. தண்ணீரை மென்மையாக்கும் பில்டர் சுண்ணாம்பை மட்டும் பிடிக்கும், உப்பை விட்டுவிடும். கிணற்றை நம்பிய கடைக்கு உப்பையும் சேர்த்து நீக்கும் ஆர்.ஓ பில்டர்தான் வழி. அதிலும் ஒரு பொறி உண்டு. ஆர்.ஓ தண்ணீரை அப்படியே ஊற்றினால் கோப்பி சப்பென்றிருக்கும். தண்ணீர் மட்டத்தை அறிகிற பொயிலர் ஊசிக்கும் கனிமம் இல்லாத தண்ணீர் தெரியாது, நிரம்பிய பிறகும் நிரப்பிக்கொண்டே போகும், நீராவிக் குழாயால் தண்ணீர் துப்பும். கொஞ்சம் நல்ல குழாய்த் தண்ணீரைக் கலந்து, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரி.டி.எஸ் மீற்றரில் 75க்கும் 150க்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரடிக் குழாய் இணைப்பு மெஷினைவிடத் தொட்டி வைத்தது இங்கே உத்தமம். தண்ணீர் நிற்கிற நாளிலும் 19 லீற்றர் போத்தலால் சமாளிக்கலாம்.

கோப்பி எப்படி? மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. 18 கிராம் தூள், 25 முதல் 30 செக்கனுக்குள் 36 கிராம் கோப்பி. 18 செக்கனில் ஓடிவந்தால் புளிக்கும், தண்ணியாக இருக்கும், அரைப்பை நுணுக்குங்கள். 40ஐத் தாண்டினால் கசக்கும், பருமனாக்குங்கள். திருகோணமலையில் இந்த அரைப்பு ஒரு நாளும் ஓரிடத்தில் நிற்காது. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது சரியாக இருந்த அளவு, கார்த்திகை மழையில் அடைத்துக்கொள்ளும். காலையில் ஒன்று, ஏசி குளிர்ந்த பிறகு ஒன்று என்று இரண்டு தடவை ருசி பார்த்துத் திருத்தவேண்டும். கோப்பிக் கொட்டையைக் கிரைண்டரின் வாயளவுக்கு நிரப்பி வைக்காதீர்கள். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குப் போதுமான அளவு போட்டு மிச்சத்தைக் காற்றுப் புகாமல் மூடுங்கள். பணம் முட்டுப்பட்டால் மெஷினில் குறையுங்கள், கிரைண்டரில் குறைக்காதீர்கள். ஒரு கிலோ கொட்டையில் கணக்குப்படி 55 கோப்பை. வீணாவது போக 50 என்று விலை போடுங்கள்.

வெயில் ஊரில் சூட்டுக் கோப்பியைவிட ஐஸ் கோப்பிதான் ஓடும். அதற்கு இந்த மெஷினே தேவையில்லை. 125 கிராம் பருமனாக அரைத்த தூளை ஒரு லீற்றர் குளிர் தண்ணீரில் போட்டு, மூடி, பிரிட்ஜில் 12 முதல் 16 மணித்தியாலம் வைத்து வடித்தால் முக்கால் லீற்றர் கடும் சாறு கிடைக்கும். அதில் 60 மில்லி, பால் 120 மில்லி, ஒரு கரண்டி டின்பால், ஐஸ். பன்னிரண்டு கிளாஸ் வரும். கிளாஸுக்குப் பத்து கிராம் தூள்தான் செலவு, கரண்ட் இல்லாத மத்தியானத்திலும் விற்கலாம். பிளேன்ரீயை விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள். போட்டோகொப்பிக்கு வருகிற ஐயாமார் அதைத்தான் கேட்பார்கள்.

பேக்கரிச் சாமானுக்கு வருவோம். மா ஆலை சீனக்குடாவில் இருக்கிறது, ஆகவே நாமே சுட்டால் மலிவு என்று ஒரு கணக்கு ஓடும். மாவின் விலையில் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. கூலியும் விடியப்புறம் மூன்று மணி வேலையும்தான் பேக்கரி. ஊரில் நல்ல பேக்கரி ஒன்றோடு பேசி, காலையில் ஒரு தரம், பின்னேரம் இரண்டரைக்கு ஒரு தரம் எடுங்கள். மீன் ரோல்ஸ், முட்டை ரோல்ஸ் சூட்டுப் பெட்டியில் 65 பாகைக்குக் குறையக்கூடாது. நாலு மணித்தியாலத்துக்குப் பிறகு காட்சிக்கு வைக்கவே கூடாது. பெட்டிக்குள் ஒரு தட்டுத் தண்ணீர் வைத்தால் ரோல்ஸ் காயாது. அதே தட்டு பட்டிஸை நமுக்கவைத்துவிடும், ஆகவே பட்டிஸை வெளியே வைத்து, கேட்கும்போது சின்ன டோஸ்டர் அவணில் 160 பாகையில் ஆறேழு நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் மேல்தோல் துணிபோல் ஆகிவிடும்.

சீனி தூவிய கிம்புலா பனிஸ் விற்கும் கடையில் ஒரு கீபோர்ட்டைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். சீனி மணிகள் கொட்டும், அதற்குப் பின்னால் எறும்பு வரும். தின்பண்டத்துக்குத் தனி மேசை, கொம்பியூட்டர் மேசையில் மூடி போட்ட கோப்பை மட்டும். மெஷினின் நீராவிக்கும் கொம்பியூட்டருக்கும் குறைந்தது இரண்டு மீற்றர் இடைவெளி விடுங்கள். உப்புக் காற்றே போதும், ரேம் முனைகள் பச்சை பிடிக்க.

கொம்பியூட்டர் பத்து வேண்டாம், நாலு போதும். மே முதல் செப்டெம்பர் வரை வருகிற வெள்ளைக்காரர் சொந்த மடிக்கணினியோடு வருவார்; அவருக்கு வேண்டியது வைஃபை, ஒரு பிளக், நல்ல கோப்பி. ஊராருக்கு வேண்டியது பிரின்ட், ஸ்கான், ஒன்லைன் விண்ணப்பம், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதத்தை யூனிகோடுக்கு மாற்றித் தருவது. வருஷம் முழுக்கக் கடையைக் காப்பாற்றுவது இந்த இரண்டாவது கூட்டம். பழைய கொம்பியூட்டர் வாங்கினால் எட்டாம் தலைமுறை இன்டெலுக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. கொம்பியூட்டர்களுக்குக் கம்பி, வாடிக்கையாளர் போனுக்குத் தனி வைஃபை. ஒருவர் படம் இறக்கும்போது மற்றவரின் வீடியோ அழைப்பு நிற்காமலிருக்க ரூட்டரில் ஆளுக்கு ஓர் அளவு போட்டுவிடுங்கள்.

வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில், வியாபார உரிமம் உள்ளூராட்சி மன்றத்தில். பி.எச்.ஐ ஐயாவை (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மேசை போட்ட பிறகல்ல, கைகழுவும் தொட்டிக்கு இடம் பார்க்கும்போதே கூப்பிடுங்கள்.

மெஷின் வாங்கும் அன்றே குரூப் ரப்பர் வாசர் இரண்டு, சல்லடைத் தகடு ஒன்று, அடைப்புத் தகடு ஒன்று சேர்த்து வாங்குங்கள். அது கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து சேரும்வரை கடையை மூடிவைக்க முடியாது. பூட்டிய கைபிடி உங்களை நேராகப் பார்த்து நிற்கவேண்டும். கிழமைக்குக் கிழமை வலப்பக்கம் நகர்ந்து போனால் வாசர் தேய்ந்துவிட்டது, ஓரத்தால் கசிய முதல் மாற்றிவிடுங்கள்.