கொழும்பு வெக்கையில் லில்லி: பூவைவிடக் கிழங்கு பெரும்பாடு

வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த மாடி முகப்பில் பல ஆண்டுகளாக லில்லி வளர்க்கிறேன். வாங்கிய கிழங்கு முதல் முறை பூப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. குளிரூட்டிய பிறகுதான் அதை விற்கிறார்கள். அதே கிழங்கை மறுபடி பூக்க வைப்பதில்தான் கொழும்பு நம்மைச் சோதிக்கிறது.

ஏசியாட்டிக், ஓரியண்டல் வகைக் கிழங்குகள் 2 முதல் 5 பாகை செல்சியஸ் குளிரில் ஆறு, எட்டு வாரமாவது கிடக்க வேண்டும். நுவரெலியாக்காரருக்கு வானமே பாதி வேலையைச் செய்து கொடுக்கிறது. நமக்குக் குளிர்சாதனப் பெட்டியை விட்டால் வேறு கதியில்லை.

அதற்கு முன் கிழங்கு முற்ற வேண்டும். பூ வாடியதும் காய் பிடிக்க விடாமல் தலையை மட்டும் கிள்ளிவிட்டு, தண்டையும் இலையையும் விட்டுவைக்கிறேன். இலை பச்சையாக இருக்கும் வரை கிழங்குக்குச் சாப்பாடு போகிறது. ஆனால் சரியாக அந்த நேரத்தில், மே கடைசியில், தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். நனைந்த இலையில் செம்பழுப்பு விளிம்புடன் நீள்வட்டப் புள்ளிகள் தோன்றினால் அது பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் பங்கசு. மருந்தைவிட எனக்கு உதவியது இடமாற்றம்தான்: மழைச் சாரல் படாத சுவரோரம், சாடிகளுக்கிடையே காற்றோட்டம், காலையில் வேரடியில் மட்டும் தண்ணீர். புள்ளி விழுந்த இலையை வெட்டிக் குப்பையில் போடுகிறேன், உரக் குழியில் அல்ல.

இலையில் வெளிர் கோடுகள் ஓடி, பூ கோணலாக விரிந்தால் வைரஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அழுக்கணவன் பூச்சி பரப்பும் இதற்கு மருந்தில்லை. எவ்வளவு ஆசையாக வளர்த்திருந்தாலும் கிழங்கோடு அப்புறப்படுத்துவதே நல்லது.

இலை தானாக மஞ்சளானதும் சாடியைக் கவிழ்த்து, மண்ணைக் கையால் உதிர்க்கிறேன். லில்லிக் கிழங்குக்கு வெங்காயத்துக்குள்ளது போன்ற உலர்ந்த மேல்தோல் கிடையாது. செதில்கள் வெளியே தெரியும். லேசாகக் காயம் பட்டாலும் அழுகல் நுழையும். திருப்பி, வேர் கிளம்பும் அடித்தட்டைப் பார்ப்பேன். வெண்மையாக, கெட்டியாக இருந்தால் சேமிக்கலாம். பழுப்பேறி, விரல் பட்டதும் செதில்கள் கழன்று வந்தால் பியூசேரியம் என்ற பங்கசால் வரும் அழுகல். அதை மற்றவற்றோடு வைக்கவே கூடாது.

தோல் இல்லாததால் உலர்த்தியும் வைக்க முடியாது. ஈரத் தும்புத் தூளில் புதைத்து வைக்கிறேன். ஈரத்தின் அளவுதான் எல்லாம்: தூளை இறுகப் பிழிந்தால் சொட்டு விழக்கூடாது, ஆனால் உள்ளங்கை குளிர வேண்டும். துளையிட்ட பையில் போட்டு, உறைபகுதிக்குத் தொலைவான தட்டில் வைக்கிறேன். அருகில் ஆப்பிளோ பழுத்த மாம்பழமோ இருக்கக்கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு உள்ளே உருவாகும் மொட்டைக் கெடுத்துவிடும். எங்கள் வீட்டில் இந்த ஒரு விதிக்காக நடந்த வாக்குவாதங்கள் தனிக்கதை. பையின் மேல் 'சமையலுக்கு அல்ல' என்று எழுதியும் வைத்திருக்கிறேன், செதில்களைப் பார்த்து உள்ளி என்று எடுத்துவிடக்கூடும்.

இவ்வளவு பாடுபட்டும் ஓரியண்டல் வகை எனக்கு ஆண்டுக்கு ஆண்டு சிறுத்தே வந்தது. இனி அதை வாங்கமாட்டேன். ஏசியாட்டிக் பரவாயில்லை. குளிர்ப்பெட்டி வேலையே வேண்டாம் என்பவர்கள், அமரில்லிஸ் என்று விற்கப்படும் ஹிப்பியாஸ்ட்ரத்தைக் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரிய நட்டுவிடலாம். நம் வெக்கை அதற்குப் பிடிக்கும். வீட்டில் பூனை இருந்தால் மட்டும் அசல் லில்லியை உள்ளே கொண்டுவர வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.