பின்பக்கத்தையும் மதிக்கிற திருப்பாப்புலியூர் பிரேம் கடை

கடலூர் திருப்பாப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயிலைச் சுற்றி சாமி படக் கடைகள் நிறைய. அதில் இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு பிரேம் கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். பழைய பத்திரம், தாத்தா காலத்துக் கடிதம் என்று தொட்டால் உதிரும் காகிதம் எதுவும் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இங்கே போகலாம்.

நான் கொண்டுபோனது உக்ரைன் பசுமைக் கட்சியின் 1998 தேர்தல் நோட்டீஸ். அக்கா மகள் வின்னித்ஸியாவில் டாக்டருக்குப் படித்தபோது, குடியிருந்த வீட்டுப் பாட்டி கொடுத்தது. 2022இல் போர் மூண்டு ஊர் திரும்பியபோது பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தாள். முன்பக்கம் பச்சை மையில் கட்சிப் பெயரும் வாக்குறுதிகளும். பின்பக்கம் பொடி எழுத்தில் வேட்பாளர் பட்டியல். மடிப்பு ஓரங்கள் விட்டுப்போயிருந்தன.

வேறொரு கடையில் பிளைவுட்டில் பெவிகால் தடவி ஒட்டிவிடலாம் என்றார்கள். இங்கே அண்ணன் அதை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். “பின்னாடியும் எழுத்து இருக்கே டீச்சர், ஒட்டிட்டா போச்சே. அதுல என்ன எழுதியிருக்கு?” என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வெகுநேரம் பிடித்தது. அவரும் கட்டை அறுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

1986 ஏப்ரல் 26 செர்னோபில் அணு உலை வெடித்தது. ஐந்தாம் நாள், மே 1 அன்று, கீவ் நகரத் தெருவில் பிள்ளைகளையும் சேர்த்து ஊர்வலம் நடத்தினார்கள். காற்றில் என்ன இருக்கிறது என்று மக்களுக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில் 1987இல் ‘பசுமை உலகம்’ என்ற அமைப்பு கிளம்பியது. அதை நடத்தியவர் யூரி ஷெர்பாக். தொற்றுநோய் மருத்துவர், எழுத்தாளர். 1990 ஆகஸ்டில் உக்ரைன் நாடாளுமன்றமே புது அணு உலைகளுக்கு ஐந்து ஆண்டுத் தடை போட வேண்டியதாயிற்று. அதே ஆண்டு அந்த அமைப்புக்குள்ளிருந்து பசுமைக் கட்சி பிறந்தது. அடுத்த ஆண்டு நாடு சுதந்திரம் அடைந்தது. ஷெர்பாக் சுற்றுச்சூழல் அமைச்சராகவும் இருந்தார். ஆனால் மின்சாரத் தட்டுப்பாடு வந்ததும் 1993இலேயே அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள்.

இந்த நோட்டீஸ் அதற்குப் பிந்தைய கதை. 1998இல் 450 இடங்களில் பாதி, கட்சிப் பட்டியலுக்கு விழும் ஓட்டை வைத்துப் பிரிக்கப்பட்டது. 4 சதவீதம் தாண்டினால்தான் பங்கு. வித்தாலி கொனோனோவ் தலைமையில் பசுமைக் கட்சி 5.4 சதவீதம் வாங்கி 19 இடங்களைப் பிடித்தது. சின்னக் கட்சிக்கு அது பெரிய வெற்றி. ஆனால் அந்தப் பட்டியலில் சுற்றுச்சூழலுக்காகத் தெருவில் இறங்கியவர்களோடு தொழிலதிபர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். வசில் க்மெல்னித்ஸ்கி என்ற தொழிலதிபர் இந்தப் பட்டியல் வழியாகத்தான் முதன்முதலில் நாடாளுமன்றம் போனார். பசுமை என்ற பெயருக்கு ஓட்டுப் போட்ட ஜனங்கள் நான்கே வருடத்தில் கையை விரித்துவிட்டார்கள். 2002இல் 1.3 சதவீதம், ஓர் இடம்கூட இல்லை. 2006இல் அரை சதவீதத்தை ஒட்டி நின்றது.

தெற்குக் காற்று அடித்தால் ரசாயன நெடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கிற ஊர்க்காரி நான். மண்ணும் தண்ணீரும் காக்க ஒரு கட்சி நம் பக்கமும் வராதா என்று நிஜமாகவே ஏங்குகிறேன். அதனால்தான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டீஸின் இரண்டு பக்கமும் தெரிய வேண்டும் என்றேன். முன்பக்க வாக்குறுதிகளை மட்டும் பார்த்தால் அந்தக் கட்சி ஏன் கரைந்தது என்று புரியாது.

அண்ணன் செய்துகொடுத்ததைப் பாருங்கள். பசையே கிடையாது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே காகிதம். ஓரத்தைச் சுற்றி மவுண்ட் அட்டையைப் பட்டையாக வெட்டி வைத்திருக்கிறார். கண்ணாடி காகிதத்தில் நேராக உட்காராது. கடல் ஈரத்துக்குக் கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும், அதற்குத்தான் இந்த இடைவெளி என்றார். சட்டம் தேக்கு, பாலிஷ் மட்டும். இடது பக்கம் பித்தளைக் கீல் இரண்டு வைத்து, சுவரில் ஒரு ரீப்பர் அடித்து அதில் மாட்டும்படி பண்ணிவிட்டார். அலமாரிக் கதவு மாதிரி திறந்தால் பின்பக்கப் பட்டியலைப் படிக்கலாம். இந்தக் கீல் யோசனை முழுக்க அவருடையது.

குறைகளும் உண்டு. சொன்ன தேதிக்குத் தரவில்லை. போன் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. கீழ் மூலை இணைப்பு ஒன்றில் மயிரிழை சந்து தெரிந்தது, காட்டியதும் மரத்தூள் வைத்து அடைத்துத் தேய்த்துக் கொடுத்தார். 1,400 ரூபாய் ஆனது. ஃபைபர் பிரேமில் பாதி விலைக்கு முடிக்கலாம், ஆனால் கனமான இரட்டைக் கண்ணாடியைக் கீலில் தொங்கவிட ஃபைபர் தாங்காது என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார்.

போகிறவர்கள் ஆயுத பூஜைக்கு முந்தைய வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள், கடை முழுக்கச் சரஸ்வதி படமாக இருக்கும். காலையில் போனால் பையனிடம் கொடுக்காமல் அண்ணனே வாங்கிப் பார்ப்பார். காகிதத்தைச் சுருட்டாமல், இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள்.