பிஜி அப்கிரேட்: மறுக்கத் தெரிந்த மேம்படுத்தும் கருவி

போஸ்ட்கிரெஸ் தரவுத்தள சர்வரை ஒரு பெரும் பதிப்பிலிருந்து அடுத்ததற்கு மாற்றும் பிஜி அப்கிரேட் கருவியின் தலையாய சிறப்பு, வேலையைத் தொடங்கும் முன்பே மறுக்க வேண்டியதை அது மறுத்துவிடுவதுதான். 'செக்' தேர்வுடன் இயக்கினால், தரவு எதையும் மாற்றாமல் பழைய, புதிய கிளஸ்டர்கள் (ஒரு சர்வர் நிர்வகிக்கும் தரவுத்தளங்களின் தொகுப்புகள்) இரண்டையும் ஒப்பிட்டுப் பொருந்தாதவற்றைச் சொல்லிவிடுகிறது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்யலாம் என்பதால், நள்ளிரவுப் பராமரிப்பு நேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பரில் வெளியான 18ஆம் பதிப்புக்கு மாறுவோர் முட்டிக்கொள்ளக்கூடிய இடம், தரவு சிதைந்துள்ளதா எனக் கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்ணான செக்சம். புதிய கிளஸ்டரை உருவாக்கும்போது அது இப்போது இயல்பாகவே இயக்கப்படுகிறது. பழையதில் அது இல்லையென்றால் கருவி மேற்கொண்டு நகராது. புதிய கிளஸ்டரைச் செக்சம் இன்றி மறுபடி உருவாக்குவது எளிய வழி. பழைய சர்வரை நிறுத்திவிட்டு, பிஜி செக்சம்ஸ் கருவியால் அதில் செக்சமை இயக்குவதே, தரவு பெரிதானால் நேரம் பிடிக்கும் என்றாலும், என் கருத்தில் நல்ல வழி.

புவியியல் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற, கூடுதல் வசதி தரும் நீட்சிகளின் நூலகக் கோப்புகள் புதிய சர்வரில் இல்லாவிட்டால், விடுபட்டவற்றைத் தனிக் கோப்பில் பட்டியலிட்டுத் தருகிறது. 15ஆம் பதிப்பு முதல் இத்தகைய பதிவுகள் புதிய கிளஸ்டரின் தரவுக் கோப்புறைக்குள்ளேயே சேர்கின்றன. திரையில் தெரியும் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டுத் தேடுபொறிக்கு ஓடுபவர்களுக்கு இது தெரிவதில்லை.

'லிங்க்' முறை கோப்புகளை நகலெடுக்காமல், பழைய, புதிய கிளஸ்டர்கள் இரண்டும் ஒரே கோப்புகளைப் பகிர வைப்பதால் மிக விரைவானது. ஆனால் புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது. முழுக் காப்புப் பிரதி இல்லாத இடத்தில் இம்முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.