எக்ஸ்எம்எல்லில் ஒரு நிரல்மொழி: எந்த வழியில் போகலாம்?

தகவலை <பெயர்> போன்ற டேக்குகளால் சுற்றி எழுதும் எக்ஸ்எம்எல் இலக்கணத்தை வைத்துப் புதிதாக ஒரு நிரல்மொழி செய்ய நினைப்பவர்கள் 2007 ஜனவரி 23 அன்று வந்தவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அன்று ஒன்றாக வெளியிட்ட பரிந்துரைகளில் எக்ஸ்குவெரிஎக்ஸ் 1.0, எக்ஸ்எஸ்எல்டி 2.0, எக்ஸ்குவெரி 1.0 ஆகிய மூன்றும் உண்டு. எக்ஸ்குவெரி எக்ஸ்எம்எல் தரவில் தேடும் வினவல் மொழி, எக்ஸ்குவெரிஎக்ஸ் அதே மொழியின் எக்ஸ்எம்எல் வடிவம், எக்ஸ்எஸ்எல்டி எக்ஸ்எம்எல் ஆவணங்களை மாற்றும் மொழி. மூன்றுக்கும் தரவு மாதிரி ஒன்றுதான், அடிப்படைச் செயற்கூறுகளும் பொது. பெரிய வித்தியாசம் எழுதும் விதத்தில்தான். இலக்கணத்தைத் தனியாகப் பிரித்து ஒப்பிட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைப்பது அபூர்வம்.

'விலை நூறுக்குக் குறைவா?' என்ற ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம்.

எக்ஸ்குவெரிஎக்ஸ் வழியில் எல்லாமே டேக். சாரம் இப்படி இருக்கும்:

<சிறியது>
  <முதல்><மாறி><பெயர்>விலை</பெயர்></மாறி></முதல்>
  <அடுத்து><முழுஎண்><மதிப்பு>100</மதிப்பு></முழுஎண்></அடுத்து>
</சிறியது>

டேக் பெயர்களைத் தமிழில் மாற்றியிருக்கிறேன். எக்ஸ்எம்எல் தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால், இதை அப்படியே பார்சரிடம் (உரையைப் படித்துப் பகுத்துத் தரும் நிரலிடம்) கொடுத்தாலும் பிழை சொல்லாது. ஒரு சின்னச் சோதனைக்கு 14 டேக். கையால் யாரும் எழுத மாட்டார்கள், எழுதவும் வேண்டியதில்லை. ஒரு நிரல் இன்னொரு நிரலுக்காக வினவலை உருவாக்கும் இடத்தில் இது அருமையான வடிவம். கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் செய்யும் ஸ்னாப் மொழியும் திட்டங்களை எக்ஸ்எம்எல்லாகத்தான் சேமிக்கிறது. பயனர் கண்ணில் அந்த டேக்குகள் படுவதே இல்லை.

எக்ஸ்எஸ்எல்டி நடுவழி. நிரலின் எலும்புக்கூடு டேக்குகளில் இருக்கும், கணக்கும் ஒப்பீடும் ஆட்ரிபியூட்டுக்குள் (டேக்கில் பெயர்='மதிப்பு' என வரும் பகுதிக்குள்) வெறும் எழுத்துச் சரமாக இருக்கும். அந்தச் சரத்துக்குள் இருப்பது எக்ஸ்பாத் என்ற வேறு மொழி. வெற்றி பெற்ற எக்ஸ்எம்எல் நிரல்மொழி என்று எக்ஸ்எஸ்எல்டியைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். ஆனால் அதன் கோவைகள், அதாவது அந்தக் கணக்குகளும் ஒப்பீடுகளும், எக்ஸ்எம்எல்லில் இல்லை. 'எக்ஸ்எம்எல் எடுத்தால் பார்சர் இலவசம்' என்ற வாதம் இங்கேதான் பலவீனமாகிறது. எலும்புக்கூட்டுக்குப் பார்சர் கிடைக்கும். கோவைகளுக்கு நீங்களே ஒன்று எழுதியாக வேண்டும். ஒரு மொழியின் பார்சரில் கஷ்டமான பகுதியே அந்தக் கோவைகள்தான்.

சில்லறைத் தொல்லைகளும் சேரும். ஆட்ரிபியூட்டுக்குள் < குறியை நேராகப் போட முடியாது, ஆம்பர்சாண்டில் தொடங்கி எழுத்தாக எழுத வேண்டும். அதனால் பலர் '100 > $விலை' என்று திருப்பிப் போடுகிறார்கள். 'இல்லையேல்' என்ற கிளை வேண்டுமென்றால் எக்ஸ்எஸ்எல்டியின் டேக்குகளில் ஒரு தேர்வு டேக், அதற்குள் நிபந்தனை டேக், மற்றவைக்கு இன்னொரு டேக்.

இவையெல்லாம் பழகிவிடும். பழகாத சிக்கல் வேறு. ஆட்ரிபியூட்டில் உள்ள வரிமுறிவுகளை எக்ஸ்எம்எல் பார்சர் வெற்றிடமாக மாற்றிவிட்டுத்தான் உங்கள் மொழிக்குக் கொடுக்கும். உங்கள் மொழியில் // போட்டால் அந்த வரி முடியும்வரை கருத்துரை என்று வைத்திருந்தால், அடுத்த வரிகளையும் அது விழுங்கிவிடும். நீளமான கோவையில் எந்த வரியில் பிழை என்று பயனருக்குச் சொல்லவும் வழியிருக்காது. அப்புறம், எக்ஸ்எம்எல் கருத்துரைக்குள் -- வரக் கூடாது. எண்ணிக்கையை ஒன்று குறைக்க அந்தக் குறியை வைத்திருந்தால், அது வரும் பகுதியைக் கருத்துரையாக்கி ஒதுக்கவே முடியாது.

எக்ஸ்குவெரியில் அதே சோதனை '$விலை < 100', அவ்வளவுதான். எக்ஸ்எம்எல் வேண்டிய இடத்தில் டேக்கை நேராக எழுதி, உள்ளே அடைப்புக்குறி போட்டுக் கணக்கைச் செருகலாம். இதற்கும் ஒரு விலை உண்டு. எக்ஸ்எம்எல் பெயர்களில் இணைப்புக்கோடு வரலாம் என்பதால் '$விலை-வரி' என்பது கழித்தல் ஆகாது, ஒரே மாறியின் பெயர். கழிக்க வேண்டுமென்றால் இடைவெளி விட வேண்டும். சாய்கோடு (/) ஆவணத்துக்குள் போகும் பாதையைக் குறிக்கப் போய்விட்டதால் வகுத்தலுக்கும் தனிச் சொல். எக்ஸ்பாத்திலும் இதே கதைதான்.

அப்படியானால் எக்ஸ்எஸ்எல்டி தேவையே இல்லையா? தேவை இருக்கிறது, அதுவும் உறுதியாக. தலைப்பு, பத்தி, அடிக்குறிப்பு என்று ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடக்கும் ஆவணத்தை மாற்றும்போது, 'இந்த டேக் வந்தால் இப்படிச் செய்' என்ற விதிகளாக எழுதுவதற்கு ஈடு இல்லை. நிரலில் பெரும்பகுதி வெளியீட்டின் டேக்குகளே என்பதால் எக்ஸ்எம்எல் இலக்கணம் அங்கே உறுத்தாது. நிரலே எக்ஸ்எம்எல் என்பதால், எக்ஸ்எஸ்எல்டி நிரலை எழுதும் எக்ஸ்எஸ்எல்டி நிரலும் செய்யலாம்.

உறுத்துவது ஆன்ட் போன்ற இடங்களில். டாம்கேட் என்ற ஜாவா இணைய சேவையகத்தை மூலநிரலிலிருந்து கட்டியெழுப்ப ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் செய்த கருவி அது. பணிகளைப் பட்டியலிடும் வரை எக்ஸ்எம்எல் நன்றாகவே உதவியது. பிறகு நிபந்தனை வேண்டும், சுழற்சி வேண்டும் என்று கேட்டார்கள். துணைத் தொகுப்புகள் வந்தன, டேக்குக்குள் வேறு மொழி நிரலைச் செருகும் வசதியும் வந்தது. எக்ஸ்எம்எல் நிரல்மொழியான ஜெல்லியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் ஸ்ட்ராகன், 2003இல் க்ரூவி என்ற சாதாரண இலக்கணமுள்ள மொழிக்கு நகர்ந்துவிட்டார்.

என்னைக் கேட்டால், இன்று தொடங்குபவர், எக்ஸ்எம்எல் ஆவணத்தின் அமைப்பை வரையறுக்கும் ரிலாக்ஸ் என்ஜி ஸ்கீமா மொழியைப் பின்பற்றலாம். அதற்கு எக்ஸ்எம்எல் வடிவமும் உண்டு, கையால் எழுதச் சுருக்க வடிவமும் உண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கருவி மாற்றித் தரும். நிரலின் உள்ளமைப்பை, அதாவது ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மரத்தை, முதலில் வடிவமையுங்கள். மனிதருக்கு ஒரு சுருக்க இலக்கணம், கருவிகளுக்கு அதே மரத்தின் எக்ஸ்எம்எல் வடிவம். இரண்டு பார்சர் வேலைதான். ஆனால் ஆட்ரிபியூட்டுக்குள் கோவைகளை வைத்தாலும் அந்த இரண்டாவது பார்சரை எழுதத்தான் போகிறீர்கள்.