சென்னை ஏர்போர்ட்டுக்கு எதில் போவது: மெட்ரோவா, லோக்கல் ரயிலா, டாக்சியா?

போன வாரம் மதுரையிலிருந்து மச்சான் போன் செய்தார். அவரும் அக்காவும் மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறார்கள், சென்னையிலிருந்து காலை பத்தரை மணிக்கு ஃப்ளைட். "மாப்ள, எக்மோர்ல இறங்கி ஏர்போர்ட்டுக்கு எதுல போறது? ஒருத்தன் மெட்ரோங்கிறான், ஒருத்தன் லோக்கல்ங்கிறான், உங்க அக்கா டாக்சிதான்ங்கிறா" என்றார். அந்தக் கேள்வியிலேயே ஒரு தப்பு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது அசோக் நகரில். வேலை விஷயமாக மாதம் ஒரு தடவையாவது விமானம் ஏற வேண்டியிருக்கிறது, அது போக ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை ஏற்றிவிடுவது, கூட்டிக்கொண்டு வருவது என்று கணக்குப் பார்த்தால் ஏர்போர்ட்டை ஒட்டிப் போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில் என் ஆயுசில் கொஞ்சம் கரைந்திருக்கிறது. எல்லா வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று.

இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் "எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு காசு ஆகும்" என்று இரண்டு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆபீசுக்குப் போவதென்றால் அது போதும், கால் மணி நேரம் லேட்டானால் மேனேஜர் ஒரு முறை முறைப்பார், அதோடு சரி. ஃப்ளைட் அப்படி இல்லை. புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போதே பெட்டி போடுகிற கவுண்டரை மூடிவிடுகிறார்கள், அதற்கப்புறம் கெஞ்சினாலும் ஒன்றும் நடக்காது. அதனால் ஒரு வழியில் நல்ல நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் பார்ப்பதே இல்லை, கெட்ட நாளில் எவ்வளவு ஆகும் என்றுதான் பார்ப்பேன்.

டாக்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பதினொன்றரைக்கு எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால் இருபது நிமிடத்தில் டெர்மினல் வாசல். அதே தூரம் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு எனக்கு ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருக்கிறது. காசி தியேட்டர் சிக்னலில் இரண்டு பச்சை விளக்கு தாண்டிப் போயும் நாங்கள் நகரவில்லை, ஈக்காட்டுத்தாங்கலில் ஊர்ந்து, கத்திப்பாராவில் மேலே ஏறினால் அங்கே நாலு பக்கத்து வண்டியும் ஒரே சமயத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்குள் இறங்கப் பார்க்கிறது. 2008-இல் அந்தக் க்ளோவர் இலை மேம்பாலம் திறந்தபோது இனி நெரிசலே இருக்காது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். இருபது நிமிடத்துக்கும் எழுபது நிமிடத்துக்கும் நடுவில் எது வாய்க்கும் என்று தெரியாமல் ஏறி உட்காருவதுதான் டாக்சி. டிரைவர் ஏசி போட மாட்டார் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

மெட்ரோவில் இந்தச் சூதாட்டம் இல்லை. அசோக் நகரில் பச்சை வழித்தடத்தில் ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல், அப்புறம் ஆலந்தூர். அங்கே இறங்கி வேறு தளத்துக்குப் போய் நீல வழித்தடத்தைப் பிடித்தால் நங்கநல்லூர் ரோடு, மீனம்பாக்கம், ஏர்போர்ட். ரயில் மாறுவதோடு சேர்த்து அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் திங்கட்கிழமை காலையும் அதே அரை மணி நேரம்தான், மழை நாளிலும் ஏறக்குறைய அதேதான். சென்ட்ரலிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம், நீல வழித்தடத்தில் உட்கார்ந்தால் அண்ணா சாலைக்கு அடியில் புகுந்து நேராக ஏர்போர்ட், முக்கால் மணி நேரம் போதும், மாறவே வேண்டாம். டிக்கெட் எவ்வளவு தூரமானாலும் 50 ரூபாயைத் தாண்டாது (2021-க்கு முன்பு 70 வரை இருந்தது). வாட்ஸப்பிலேயே டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம், பெட்டியோடு கவுண்டர் வரிசையில் நிற்கிற வேலை மிச்சம்.

இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் எங்கள் சித்தப்பா இதில் மாட்டினார். சென்னைக்காரர்கள் காலம் காலமாக "மீனம்பாக்கம் ஏர்போர்ட்" என்றே சொல்லிப் பழகியவர்கள், ஆனால் மெட்ரோவில் மீனம்பாக்கம் வேறு ஸ்டேஷன், ஏர்போர்ட் வேறு ஸ்டேஷன். லோக்கல் ரயிலிலும் அதே கதைதான், மீனம்பாக்கத்தில் இறங்கக் கூடாது, அடுத்து வருகிற திரிசூலத்தில் இறங்க வேண்டும். சித்தப்பா மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டியை நடைமேடையில் நிறுத்தி வைத்துவிட்டு, "டேய், ஏர்போர்ட் எங்கடா இருக்கு, ஒரு பிளேனையும் காணோமே" என்று எனக்குப் போன் போட்டார்.

சரி, மெட்ரோதான் பதில் என்றால் இத்தனை எழுத வேண்டாமே. மெட்ரோவின் பெரிய ஓட்டை நேரம். முதல் ரயில் காலை ஐந்து மணிக்கு, கடைசி ரயில் இரவு பதினொரு மணிக்கு. சென்னையிலிருந்து வெளிநாடு போகிற விமானங்கள் எத்தனையோ நடு இரவிலிருந்து விடிகாலைக்குள்தான் கிளம்புகின்றன. டெல்லிக்கும் மும்பைக்கும் காலைக் கூட்டத்தைப் பிடிக்கப் போகிறவர்கள் எடுப்பது ஆறு மணி ஃப்ளைட். அதற்கு நாலரைக்கு உள்ளே இருக்க வேண்டும், முதல் மெட்ரோவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நடு இரவு இரண்டு மணி ஃப்ளைட்டுக்காவது ராத்திரி ஒன்பதரை மணி மெட்ரோவில் போய் உட்கார்ந்து கொட்டாவி விடலாம். விடிகாலை ஃப்ளைட்டுக்கு மெட்ரோ கணக்கிலேயே வராது. அதிர்ஷ்டவசமாக அந்த நேரத்தில் ரோடு காலியாக இருக்கும், டாக்சியின் கெட்ட நாள் என்பதே அப்போது கிடையாது. ஆக, எனக்கு ஒரே விதிதான்: காலை ஏழிலிருந்து இரவு ஒன்பது வரை ரோட்டில் இருக்க வேண்டி வந்தால் மெட்ரோ, மற்ற நேரத்தில் டாக்சி.

இதில் ஒரு திருத்தம் உண்டு, அது பெட்டி. முதுகுப் பை, ஒரு கேபின் பெட்டி என்றால் மெட்ரோ சொர்க்கம். 23 கிலோ பெட்டி இரண்டு, ஒரு கைக்குழந்தை, ஒரு பாட்டி என்றால் அது வேறு விஷயம். ஸ்டேஷன் வாசலில் பெட்டியைத் தூக்கி ஸ்கேனரில் போட வேண்டும், எடுக்க வேண்டும், ஆலந்தூரில் தளம் மாறும்போது லிஃப்ட் தேட வேண்டும், நீங்கள் கண்டுபிடிக்கும்போது அங்கே ஏற்கெனவே இரண்டு சக்கர நாற்காலி காத்திருக்கும். ஏர்போர்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் விமானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உள்நாட்டு டெர்மினலுக்கும் வெளிநாட்டு டெர்மினலுக்கும் நடைபாலம் போட்டிருக்கிறார்கள், நகரும் நடைபாதையும் உண்டு, ஆனாலும் நடை நடைதான். அதிலும் 2023-க்கு அப்புறம் டெர்மினல்கள் இடம் மாறிவிட்டன. வெளிநாட்டுக்குப் புதிய டி2, பழைய வெளிநாட்டு டெர்மினல் இப்போது டி4 என்ற பெயரில் உள்நாட்டு விமானங்களுக்கு, அது போக டி1. உள்நாட்டு ஃப்ளைட் என்றால் டிக்கெட்டில் டி1-ஆ டி4-ஆ என்று பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் பெட்டியோடு ஒரு தேர்த் திருவிழா நடத்த வேண்டியிருக்கும்.

லோக்கல் ரயிலைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை, ஐ.டி. பசங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை. 1931-லிருந்து மின்சாரத்தில் ஓடுகிற கடற்கரை - தாம்பரம் பாதை அது. திரிசூலம் ஸ்டேஷன் ஏர்போர்ட்டுக்கு நேர் எதிரே, நடுவில் ஜி.எஸ்.டி. ரோடு, அதற்கடியில் சுரங்கப்பாதை. சாதாரண டிக்கெட் எங்கிருந்து ஏறினாலும் பத்து ரூபாய்க்குள். பத்து ரூபாய்க்கு இப்போது ஏர்போர்ட்டுக்குள் தண்ணீர் பாட்டில் மூடிகூடக் கிடைக்காது. காலை நாலு மணி வாக்கிலேயே ஓடத் தொடங்கிவிடும் என்பதால் மெட்ரோ கைவிடுகிற அந்த விடிகாலை ஒரு மணி நேரத்துக்கு இதுதான் ஆபத்பாந்தவன். எழும்பூர், நுங்கம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை ஸ்டேஷன்களுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் டாக்சிக்குக் காசு கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். குறிப்பாக எழும்பூர், மச்சான் சொன்ன எக்மோர். அங்கே மெட்ரோ இருக்கிறது, ஆனால் அது பச்சை வழித்தடம். மெட்ரோதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் கோயம்பேடு வழியாகச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் சென்ட்ரல் போய் நீலத்துக்கு மாற வேண்டும், லோக்கலில் ஏறினால் ஒரே இருக்கை.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மாம்பலத்தில் பெட்டியோடு ஏறிப் பாருங்கள், பெட்டி ஒரு பக்கம் போகும், நீங்கள் ஒரு பக்கம் போவீர்கள். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, பராமரிப்பு வேலை என்று சிலவற்றை ரத்தும் செய்வார்கள், கிளம்புவதற்கு முன் செய்தி பார்த்துக்கொள்வது நல்லது. அப்புறம் அந்தச் சுரங்கப்பாதைப் படிகள். நான் ஒரு தடவை பெட்டியைத் தூக்காமல் தடதடவென்று படியில் இழுத்துக்கொண்டே இறங்கினேன், கடைசிப் படிக்கு வரும்போது ஒரு சக்கரம் தனியாக உருண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த பூக்காரம்மா அதை எடுத்துக் கொடுத்து, "பத்திரமா போய்ட்டு வா கண்ணு" என்றார்.

மாநகரப் பேருந்து உண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டில் நிறுத்தமும் உண்டு, பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் இலவசம். ஆனால் டாக்சி மாட்டுகிற அதே நெரிசலில் பஸ்ஸும் மாட்டும், கூடவே இருபது நிறுத்தம் வேறு. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் வந்து இறங்குகிற தென்மாவட்டத்துக்காரர்களுக்கு, கையில் நிறைய நேரமும் ஒரே ஒரு பையும் இருந்தால், இது சரி. மற்றவர்களுக்கு வேண்டாம்.

சொந்தக் காரில் போவதைப் பற்றி: கொண்டுவிட ஆள் இருந்தால் இதை அடிக்க எதுவும் இல்லை, வீட்டு வாசலிலிருந்து டெர்மினல் வாசல். நிறுத்திவிட்டுப் போவதென்றால் ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்களுக்கு மட்டும் கட்டுப்படியாகும், ஒரு வாரம் போட்டுவிட்டுப் போனால் பார்க்கிங் காசு டாக்சிக் காசைத் தாண்டிவிடும். 2022 டிசம்பரில் திறந்த அடுக்குமாடி பார்க்கிங் இருக்கிறதே, ஏரோஹப், அதில் சினிமா தியேட்டர்கூட இருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்த காட்சி அங்கே படம் பார்ப்பவர்கள் இல்லை. வளைகுடாவுக்குப் போகிற ஒரே ஒரு பையனை வழியனுப்ப வேன் பிடித்து வந்த பதினாலு பேர், தூணோரம் பேப்பர் விரித்து, தூக்குவாளியிலிருந்து புளிசாதம் எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தப் பையன் மட்டும் சாப்பிட மாட்டான்.

இறங்கி வருகிறபோது கணக்கு அப்படியே தலைகீழ். போகும்போது டாக்சி வாசலில் விடும், வரும்போது வாசலில் ஏற்றாது. ஆப்பில் புக் செய்தால் அந்தப் பார்க்கிங் கட்டடத்துக்கு நடந்து போக வேண்டும், லிஃப்டில் தள்ளுவண்டிகளோடு வரிசை. "சார், எங்க நிக்கிறீங்க? தூண் நம்பர் சொல்லுங்க" என்பார் டிரைவர், நீங்கள் சொல்வீர்கள், "நானும் அங்கதான் சார் நிக்கிறேன்" என்பார், இரண்டு பேரும் வேறு வேறு மாடியில். போன ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி ஒருவர் இப்படிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, போகிற இடத்தைக் கேட்டுவிட்டு, ரத்து செய்தும் விட்டார். அதனால் திரும்பி வரும்போது இரவு பத்தரைக்குள் வெளியே வந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு மெட்ரோதான். நள்ளிரவு தாண்டினால் உள்ளேயே இருக்கிற ப்ரீபெய்டு டாக்சி கவுண்டரில் கொஞ்சம் கூடக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவேன். ஆப்பில் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அரை மணி நேரம் தூண் எண்ணுவதில் எனக்கு இப்போது ருசி இல்லை.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு வரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று ஓடுபாதையிலேயே வெள்ளம், விமானமே இல்லை. அப்படிப்பட்ட நாளில் எதில் போவது என்று யோசிக்காமல் ஃப்ளைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது மச்சான் கேள்விக்கு வருகிறேன். தப்பு எங்கே என்றால், எக்மோர். தெற்கிலிருந்து வருகிற ரயில் ஏர்போர்ட்டைத் தாண்டித்தான் எழும்பூர் போகிறது. அவர் வருவது பாண்டியன் எக்ஸ்பிரஸில், அது தாம்பரத்தில் நிற்கும். அங்கேயே இறங்கி லோக்கலில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்து திரிசூலம். நாலே ஸ்டேஷன். எழும்பூர் வரை போய் அதே தண்டவாளத்தின் பக்கத்திலேயே திரும்பி வருவதற்கு எதற்கு ஒன்றரை மணி நேரத்தைத் தொலைக்க வேண்டும்? விடிகாலையில் தாம்பரத்திலிருந்து போகிற லோக்கலில் உட்கார இடமும் இருக்கும். இதையெல்லாம் போனில் விலாவாரியாகச் சொன்னேன், மச்சானும் "சூப்பர் மாப்ள, பத்து ரூபாயில முடிஞ்சிரும்" என்று குஷியாகிவிட்டார். பின்னாலிருந்து அக்கா குரல் கேட்டது: "ரெண்டு பெட்டி, ஒரு மாவடு ஜாடி, அவருக்கு முழங்கால் வலி. தாம்பரத்துல இறங்கறோம், சரி. அங்கிருந்து டாக்சிக்குச் சொல்லி வைடா." விடிகாலை அஞ்சு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோடு காலியாகத்தான் இருக்கும். டாக்சிக்குச் சொல்லிவிட்டேன்.