பழைய மடிக்கணினியில் ஜென்டூ லினக்ஸ்: சேலத்திலிருந்து ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

இன்டெல் கோர் 2 டுவோ செயலியும் 4 ஜிபி நினைவகமும் கொண்ட மடிக்கணினியில், மென்பொருள்களை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து (அதாவது, கணினி நேரடியாக இயக்கக்கூடிய 'பைனரி' வடிவுக்கு மாற்றி) நிறுவும் ஜென்டூ லினக்ஸைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கணினி இருப்பது அம்மாப்பேட்டை வீட்டில். கோடையில் மட்டும் என்னுடன் ஏற்காட்டுக்கு வரும். இதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, வேகம் கூடுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கம்பைலருக்கு 'மார்ச் நேட்டிவ்' என்ற அமைப்பைக் கொடுத்து இந்தச் செயலிக்கென்றே கம்பைல் செய்தாலும், அன்றாட வேலைகளில் கண்ணுக்குத் தெரியும்படி வேகம் எதுவும் கூடவில்லை. ஒலி, ஒளிக் கோப்புகளைக் கையாளும் எஃப்எஃப்எம்பெக் போன்றவை செயலியின் சிறப்பு ஆணைகளை இயங்கும்போதே கண்டறிந்து பயன்படுத்திக்கொள்வதால், ஆயத்த பைனரியிலும் அந்தப் பலன் கிடைத்துவிடுகிறது.

லாபம், வேண்டாதவற்றை விலக்கிவிட முடிவதில் இருக்கிறது. இந்தக் கணினியில் புளூடூத் இல்லை. நான் அச்செடுப்பதும் இல்லை. எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று ஜென்டூவுக்குச் சொல்லும் யூஸ் ஃபிளாக்கில் அவற்றின் பெயருக்கு முன் ஒரு கழித்தல் குறி இட்டுவிட்டால், அந்த வசதியும் அதைச் சார்ந்த நூலகங்களும் கணினிக்குள் நுழைவதே இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற ஆணை, அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுகிறது. அதை இயக்குமுன் வெப்கேம், வைஃபை டாங்கிள் என எப்போதாவது பயன்படுத்துபவற்றையும் செருகி வைத்திருப்பது நல்லது.

நினைவகம்தான் பெரிய தடை. ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் 2 ஜிபி வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை; அந்தக் கணக்கில் இங்கே இரண்டு வேலைகளுக்கு மேல் தாங்காது. நினைவகம் தீர்ந்தால் கெர்னல் கம்பைலரையே நிறுத்திவிடும். திரையில் 'கில்டு' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சும். அதை மூலநிரலின் பிழை என்று எண்ணிப் புதியவர்கள் பலர் வீணாக அலைகிறார்கள். அத்தகைய பொதிகளுக்கு (மென்பொருள் தொகுப்புகளுக்கு) மட்டும் வேலை எண்ணிக்கையை ஒன்றாகக் குறைத்தால் போதும். கம்பைல் நடக்கும் கோப்புறையை, நினைவகத்திலேயே கோப்புகளை வைக்கும் டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைக்கும்படி சொல்லும் அறிவுரை, நினைவகம் தாராளமாக உள்ளவர்களுக்கே பொருந்தும்.

சேலத்துச் சித்திரை வெயிலில் பகலில் கம்பைல் செய்வதை நான் அறவே தவிர்க்கிறேன். இரு கோர்களும் முழு மூச்சில் ஓடும்போது வெப்பம் ஏறி, செயலி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியின் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதில் கிடைத்த முன்னேற்றத்தை எந்தக் கம்பைலர் ஃபிளாக்கும் தந்ததில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் அதே பொதி முன்னதாகவே முடிந்துவிடும். ஆனால் கோடை மழை இடியுடன் இறங்கினால் அங்கே மின்சாரம் போய்விடும். பேட்டரி செத்துப்போன கணினிக்கு நின்ற நிறுவலைத் தொடரும் 'எமர்ஜ் ரெஸ்யூம்' ஆணையும், கம்பைல் ஆனவற்றைச் சேமித்து வைக்கும் சிகேஷும்தான் துணை: பாதியில் நின்ற பொதி மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்கும் என்றாலும், ஏற்கெனவே கம்பைல் ஆன சி, சி++ கோப்புகள் சேமிப்பிலிருந்து சட்டென்று வந்துவிடும். ரஸ்ட் மொழியில் எழுதிய நிரல்களுக்கு இந்தச் சலுகை இல்லை.

இந்தச் சிரமங்களாலேயே ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ரஸ்ட் ஆகிய மூன்றையும் பைனரியாகவே நிறுவுகிறேன். பிடிவாதத்துக்காக அவற்றைக் கம்பைல் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. 2023 டிசம்பரிலிருந்து ஜென்டூவே பல பொதிகளுக்குப் பைனரிகளை வழங்குகிறது. அதில் 'எக்ஸ்86-64-வி3' தொகுப்பு புதிய செயலிகளில் மட்டுமே உள்ள ஏவிஎக்ஸ்2 ஆணைகளைக் கேட்பதால் கோர் 2 டுவோவில் ஓடாது. பொதுவான 'எக்ஸ்86-64' தொகுப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். யூஸ் ஃபிளாக்கைப் பொருட்படுத்தும்படி அமைத்துவிட்டால், என் தேர்வுடன் ஒத்துப்போகும் பொதிகள் பைனரியாக இறங்குகின்றன. ஒத்துப்போகாதவை மட்டும் இரவில் இங்கே கம்பைல் ஆகின்றன.